முதலில் கோப்புகள், அப்புறம் எஸ்எஸ்டி, கடைசியில்தான் விண்டோஸ்

கேள்வி: வீட்டிலிருந்தபடியே மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். 2014-இல் வாங்கிய லேப்டாப்தான் இன்றும் என்னிடம் இருக்கிறது. இன்டெல் கோர் ஐ5 4210யு, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். வாங்கும்போது விண்டோஸ் 8.1 இருந்தது, பிறகு இலவசமாகக் கிடைத்த விண்டோஸ் 10-க்கு மாறினேன். இப்போது ஆன் செய்துவிட்டு வேறு வேலை பார்த்துவிட்டு வந்தால்கூட டெஸ்க்டாப் வந்திருப்பதில்லை. ஒரு வேர்டு கோப்பும் பிரவுசரில் நாலு பக்கமும் திறந்தால் மவுஸ்கூட நகர மாட்டேன் என்கிறது. ரேமை 16 ஜிபி ஆக்கி, விண்டோஸ் 11 போட்டுவிட்டால் இன்னும் நாலைந்து வருஷம் ஓட்டலாமா? ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி மட்டும் போட்டால் போதும் என்கிறார் ஒருவர். கணினி தெரிந்த உறவினரோ, "இதற்குச் செலவழிப்பதே வீண், தூக்கிப் போடுங்கள்" என்கிறார். புதிது வாங்க இப்போதைக்கு வசதியில்லை. இன்னொன்று: சில நாட்களாக உள்ளேயிருந்து டிக், டிக் என்று விட்டுவிட்டு ஒரு சத்தம் கேட்கிறது. ஃபேனில் தூசு அடைத்திருக்குமா? பத்து வருஷத்து மொழிபெயர்ப்புகள் எல்லாம் இதில்தான் இருக்கின்றன.

பதில்: ரேம், எஸ்எஸ்டி, விண்டோஸ் எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த டிக் டிக் சத்தம், அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். இதைப் படித்து முடித்ததும் வேறு எதற்கும் லேப்டாப்பை ஆன் செய்யாதீர்கள். அடுத்த முறை ஆன் செய்வது கோப்புகளை வெளியே எடுப்பதற்காக மட்டும் இருக்கட்டும்.

ஃபேனில் தூசு அடைத்தால் சத்தம் அப்படி வராது. காற்று இரைகிற மாதிரி ஒரே சீராக வரும், வேலை கூடக்கூட இரைச்சலும் கூடும். விட்டுவிட்டு வரும் டிக் டிக் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வருவது. சுழலும் தட்டின் மேல் மயிரிழையைவிடக் குறைந்த உயரத்தில் மிதந்து படிக்கும் ஹெட், தான் தேடும் தடத்தைப் பிடிக்க முடியாமல் ஆரம்ப இடத்துக்குத் திரும்பி மறுபடி முயற்சி செய்யும்போது இந்தச் சத்தம் எழும். நல்ல டிஸ்க்கும் ஓய்வுக்குப் போகும்போது எப்போதாவது ஒரு டிக் கொடுப்பதுண்டு. கடிதத்தை வைத்து இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பத்து வயது தாண்டிய டிஸ்க், கூடவே புதிதாக வந்த சத்தம், கூடவே தாங்க முடியாத மெதுவு, மூன்றும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும்போது டிஸ்க் போகப்போகிறது என்று எடுத்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும்.

எடுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். யுஎஸ்பியில் செருகும் வெளி டிஸ்க் ஒன்றைத் தயாராக வைத்துக்கொண்டு, எதை முதலில் எடுக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிவைத்துவிட்டு ஆன் செய்யுங்கள். இப்போது கையிலிருக்கும் வேலை முதலில். அதற்கடுத்து பழைய மொழிபெயர்ப்புகள். புகைப்படம், வீடியோ எல்லாம் அதற்குப் பிறகு. மொத்த டிரைவையும் ஒரே இழுப்பில் காப்பி கொடுத்தால், பாதியில் ஒரு கெட்ட கோப்பில் மாட்டிக்கொண்டு நிற்கும்; அந்த நேரம் முழுக்க டிஸ்க் அடிவாங்கும். கோப்புறை கோப்புறையாக எடுங்கள். ஏதாவது ஒரு கோப்பு படிக்க வராமல் திணறினால் அதைத் தாண்டி அடுத்ததற்குப் போய்விடுங்கள். கட் செய்து ஒட்ட வேண்டாம், காப்பி மட்டும்.

மெதுவாக இருக்கிறதே என்று, சிதறிய கோப்புகளை ஒன்றுசேர்க்கும் டிஃப்ராக்கை ஓட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. டிஸ்க்கில் பிழை தேடிச் சரிசெய்யும் செக் டிஸ்க்கை ஓட்டுபவர்களும் உண்டு. இரண்டும் நல்ல டிஸ்க்குக்கு உரியவை. போகப்போகும் டிஸ்க்கில் இவை மணிக்கணக்கில் ஹெட்டை ஓடவைத்து, மிச்சமிருக்கும் உயிரையும் தீர்த்துவிடும். டிஸ்க்கை ஃப்ரிட்ஜின் உறைபெட்டியில் வைத்து எடுத்தால் படிக்கும் என்ற பழைய யோசனையை யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படிந்து, மீட்க முடிந்ததும் மீட்க முடியாமல் போகும். டிஸ்க்கே தெரியவில்லை என்று திரையில் வந்துவிட்டால் அணைத்துவிட்டு, தகவல் மீட்பையே தொழிலாகச் செய்பவரிடம் கொடுங்கள். செலவு கூடுதல்தான். பத்து வருஷ உழைப்பு அதற்குத் தகுமா என்று நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும்.

டாக்குமென்ட்ஸ் கோப்புறையை மட்டும் எடுத்துவிட்டு எல்லாம் வந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். உங்கள் தொழிலில் அதைவிட விலைமதிப்புள்ளது, முன்பு மொழிபெயர்த்த வரிகளைச் சேர்த்துவைக்கும் மொழிபெயர்ப்பு நினைவகமும் சொற்கோவையும். நீங்கள் பயன்படுத்தும் மென்பொருளைத் திறந்து, நினைவகத்தை டிஎம்எக்ஸ் வடிவில் ஏற்றுமதி செய்து எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வடிவத்தை ஏறக்குறைய எல்லா மொழிபெயர்ப்பு மென்பொருளும் படிக்கும். பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களும் புக்மார்க்குகளும், வேர்டில் நீங்களே சேர்த்த அகராதி, கணினியிலேயே இறக்கிவைத்த மின்னஞ்சல்கள், இவையெல்லாம் கண்ணில் படாத இடங்களில் இருப்பவை. யூனிகோடுக்கு முந்தைய பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்த பழைய கோப்புகள் இருந்தால் ஃபாண்ட்ஸ் கோப்புறையையும் சேர்த்து எடுங்கள். அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் தெரியும்.

எடுத்து முடித்தபின் வெளி டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கோப்புகளைத் திறந்து பாருங்கள். பெயர் மட்டும் வந்து உள்ளே ஒன்றுமில்லாத கோப்பும் உண்டு. முக்கியமானவற்றுக்கு இரண்டாவது நகல் ஒன்று, இன்னொரு டிஸ்க்கிலோ கிளவுடிலோ, கட்டாயம் வேண்டும்.

இனி வேகத்துக்கு வருவோம். ரேமை 16 ஆக்கினால் சரியாகிவிடும் என்று நீங்கள் நினைப்பதில் வியப்பில்லை, மவுஸ் நகராவிட்டால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். ஆனால் உங்கள் லேப்டாப்பில் கழுத்தைப் பிடிப்பது டிஸ்க். அந்தக் காலத்து லேப்டாப் டிஸ்க்குகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று சுழல்பவை. ஒரு சுற்றுக்கு 11 மில்லிவினாடி. தேவையான இடம் ஹெட்டுக்குக் கீழே வந்துசேரச் சராசரியாக அதில் பாதி. ஹெட் சரியான தடத்துக்கு நகர இன்னும் ஒரு 12 மில்லிவினாடி. ஆக, டிஸ்க்கில் சிதறிக்கிடக்கும் சிறுசிறு துண்டுகளைப் படிக்கச் சொன்னால் வினாடிக்கு அறுபதைத் தாண்டுவதே கஷ்டம். விண்டோஸ் 10 எழுந்திருக்கும்போது படிக்கும் சிறு கோப்புகள் ஆயிரக்கணக்கில். அதே நேரத்தில் அப்டேட் ஒரு பக்கம் டிஸ்க்கைக் கேட்கும், வைரஸ் தடுப்பு ஒரு பக்கம், தேடல் அட்டவணை ஒரு பக்கம். ஒரே ஒரு எழுத்தர் இருக்கும் அலுவலகத்தில் பத்துப் பேர் வெவ்வேறு அலமாரியிலிருந்து கோப்பு கேட்டு நிற்கும் நிலை அது. எஸ்எஸ்டியில் சுழல்வதும் இல்லை, நகர்வதும் இல்லை. இதே சிறு துண்டுகளை வினாடிக்குப் பல்லாயிரம் எடுத்துத் தரும்.

ரேம் குறைவும் இதில் வந்து சேர்ந்துகொள்கிறது. 4 ஜிபியில் ஒரு பங்கைத் திரைக்கான கிராஃபிக்ஸ் எடுத்துக்கொள்ளும், விண்டோஸ் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். பிரவுசர் நாலு பக்கம் திறந்ததும் இடம் தீர்ந்து, மிச்சத்தை டிஸ்க்கில் எழுதிவைத்துச் சமாளிக்கப் பார்க்கும். ஏற்கெனவே மூச்சுத் திணறும் டிஸ்க்கின் தலையில் இந்தச் சுமையும் விழும்போதுதான் மவுஸ் உறைந்துபோகிறது. ஆகவே இரண்டும் வேண்டும். ஆனால் ஒன்றுக்குத்தான் கையில் பணம் இருக்கிறது என்றால் எஸ்எஸ்டியை எடுங்கள் என்று தயங்காமல் சொல்வேன். எஸ்எஸ்டியோடு 4 ஜிபி ரேம் இருக்கும் லேப்டாப்பில் வேலை பார்க்க முடியும். 16 ஜிபி ரேமோடு சுழலும் டிஸ்க் இருக்கும் லேப்டாப் ஆன் ஆவதற்குள்ளேயே பொறுமை போய்விடும். உங்கள் விஷயத்தில் பழைய டிஸ்க் போகும் நிலையில் இருப்பதால், அதை மாற்றுவதில் தேர்வுக்கே இடமில்லை.

வாங்க வேண்டியது 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி. எம்.2 வடிவில் வரும் என்விஎம்இ என்ற புதுவகைகள் அதைவிடப் பலமடங்கு வேகம் என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனால் உங்கள் தலைமுறை லேப்டாப்களில் அவற்றுக்கான இடம் பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும், கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸ் அதிலிருந்து பூட் செய்ய மறுப்பது சகஜம். சாட்டா 6 ஜிகாபிட் இணைப்பில் வினாடிக்கு 550 எம்பி வரை வரும். வேர்டுக்கும் பிரவுசருக்கும் அதற்கு மேல் வேகம் இருந்தாலும் கைக்கு வித்தியாசம் தெரியாது. அளவு 500 ஜிபி வகை எடுங்கள். 250 வகையும் போதும், ஆனால் எஸ்எஸ்டி நிரம்பி வழியும்போது வேகம் குறைவதால் எப்போதும் கொஞ்சம் காலியிடம் விட்டுவைக்க வேண்டும். விவரக்குறிப்பில் டிஎல்சி வகை நினைவகம் என்று போட்டிருந்தால் நல்லது. க்யூஎல்சி மலிவு, ஆனால் பெரிய கோப்புகளை எழுதும்போது நடுவே தொய்ந்துவிடும். கேள்விப்படாத பெயரில், நம்ப முடியாத விலையில் 2 டிபி, 4 டிபி என்று விற்பவற்றைத் தொடவே வேண்டாம். உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டை ஒட்டிவைத்து, பெரிய கொள்ளளவு இருப்பதாகக் கணினிக்குப் பொய் சொல்லும் போலிகள் இவற்றில் நிறைய. ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகவே இருக்கும். உண்மையான கொள்ளளவைத் தாண்டியதும் எழுதியதெல்லாம் காணாமல்போகும்.

ரேமுக்கு 8 ஜிபி போதும். உங்கள் புராசசர் 16 ஜிபி வரை ஏற்கும் என்பது சரிதான். ஆனால் மொழிபெயர்ப்பு, பிரவுசர், வீடியோ அழைப்பு என்று இருக்கும் வேலைக்கு 8-இலிருந்து 16-க்குப் போவதில் கிடைப்பது, 4-இலிருந்து 8-க்குப் போவதில் கிடைப்பதில் ஒரு சிறு பங்குதான். மிச்சப் பணம் வெளி டிஸ்க்குக்குப் போகட்டும்.

என்ன ரேம் என்பதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். உங்கள் புராசசருக்கு 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் வேண்டும். கடைசியில் இருக்கும் அந்த 'எல்'தான் குறைந்த வோல்டேஜைக் குறிப்பது. சாதாரண டிடிஆர்3 என்றால் 1.5 வோல்ட். இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், இரண்டிலும் 204 பின், ஒரே சாக்கெட்டில் உட்காரும். தவறானதைப் போட்டால் லேப்டாப் ஆன் ஆகாமல் கறுப்புத் திரையோடு நின்றுவிடும். டிடிஆர்4 என்றால் 260 பின், வெட்டு வேறிடத்தில் இருப்பதால் உள்ளேயே போகாது. பழைய ரேம் பட்டையின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். பிசி3எல்-12800எஸ் என்று அச்சிட்டிருக்கும்; 1600 வேகத்தைத்தான் அப்படிக் குறிக்கிறார்கள். அதே எழுத்துகள் உள்ள 4 ஜிபி பட்டை இன்னொன்றைக் காலியாக இருக்கும் ஸ்லாட்டில் சேர்த்தால் வேலை முடிந்தது. இரண்டு பட்டைகளும் சம அளவாக இருக்கும்போது இரண்டு வழியாகவும் ஒரே நேரத்தில் தகவல் போய்வரும், திரையைக் கவனிக்கும் கிராஃபிக்ஸுக்கும் அதில் நல்ல பலன்.

ஒரே ஒரு ஸ்லாட்தான் இருக்கிறது என்றால் 8 ஜிபி பட்டையாக வாங்க வேண்டிவரும். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நான்காம் தலைமுறை இன்டெல்லுக்கு, இரண்டு பக்கமும் சேர்த்து 16 சில்லுகள் உள்ள, லேபிளில் 2ஆர்எக்ஸ்8 என்று போட்ட 8 ஜிபி பட்டைதான் ஒத்துப்போகும். எட்டே சில்லுகளில் 8 ஜிபியை அடைத்த பட்டைகளும் விற்பனையில் உண்டு. ஐந்தாம் தலைமுறை முதல்தான் அவற்றைப் படிக்கும். உங்கள் லேப்டாப்பில் அது வேலை செய்யாது, பட்டையில் கோளாறும் இருக்காது. வாங்கும் முன் பட்டையின் படத்தைக் கேட்டுப் பாருங்கள்.

எத்தனை ஸ்லாட் என்பதைத் திறக்காமலே பார்க்கலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைத் தொட்டால் கீழே இரண்டில் ஒன்று பயன்பாட்டில் என்ற வகையில் எண்கள் காட்டும். சில ஒல்லியான மாடல்களில் ரேமை மதர்போர்டிலேயே ஈயம் வைத்துப் பற்றவைத்திருப்பார்கள், அதை மாற்ற வழியில்லை. உங்கள் மாடல் எண்ணோடு நிறுவனத்தின் சர்வீஸ் கையேட்டைத் தேடினால் ஸ்லாட், மூடி திறக்கும் விதம் எல்லாம் படத்தோடு கிடைக்கும். கோப்புகளை எடுக்க ஆன் செய்யும் அதே நேரத்தில் டாஸ்க் மேனேஜரை மட்டும் பார்த்துவிடுங்கள். கையேட்டை வேறு கணினியிலோ போனிலோ தேடிக்கொள்ளலாம்.

மாற்றும் வேலையை நீங்களே செய்யலாம். சார்ஜரைக் கழற்றி, பேட்டரியையும் கழற்றிவிடுங்கள். உங்கள் காலத்து லேப்டாப்களில் பல, அடியில் இரண்டு தாழ்ப்பாளைத் தள்ளினால் பேட்டரி தனியே வந்துவிடும் வகை. உள்ளே வைத்த பேட்டரி என்றால், மூடியைத் திறந்ததும் முதல் வேலை மதர்போர்டில் அதன் இணைப்பைக் கழற்றுவது. பிறகு பவர் பட்டனைப் பதினைந்து இருபது வினாடி அழுத்திப் பிடித்துவிட்டு, பெயின்ட் அடிக்காத ஒரு உலோகத்தைத் தொட்டுவிட்டுத் தொடங்குங்கள். சின்ன ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் ஒன்று போதும். திருகுகள் எல்லாம் ஒரே நீளமாக இருப்பதில்லை. ஒரு தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, எந்த ஓட்டையிலிருந்து எடுத்தீர்களோ அந்த இடத்திலேயே குத்திவையுங்கள். நீளத் திருகு குட்டை ஓட்டையில் போனால் மேல்பக்கம் கை வைக்கும் இடம் புடைத்துக்கொள்ளும், சில சமயம் போர்டையே துளைக்கும்.

பழைய ரேம் பட்டையின் இரு பக்கமும் வெள்ளி நிறக் கொக்கி இருக்கும். இரண்டையும் விரல் நகத்தால் வெளிப்பக்கமாக விலக்கினால் பட்டை தானாகச் சாய்வாக எழும்பும். புதியதையும் அதே சாய்வில், தங்க நிறப் பற்கள் ஏறக்குறைய முழுதும் மறையும் வரை உள்ளே தள்ளி, பிறகு கீழே அழுத்துங்கள். இரண்டு கொக்கியும் டக்கென்று பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் முழுதாகப் போகவில்லை என்று பொருள். எடுத்துவிட்டு மறுபடி செருகுங்கள். புது ரேமோடு முதல்முறை ஆன் செய்யும்போது திரை கொஞ்ச நேரம் கறுப்பாகவே இருக்கலாம், பதறி அணைக்காதீர்கள்.

ஹார்ட் டிஸ்க்கை எடுக்கும்போது அதைச் சுற்றியிருக்கும் உலோகச் சட்டத்தையும் பக்கத்து நான்கு குட்டித் திருகுகளையும் பழைய டிஸ்க்கோடு மூலையில் போட்டுவிடாதீர்கள். அந்தச் சட்டத்தைக் கழற்றி எஸ்எஸ்டிக்கு மாட்டினால்தான் அது இடத்தில் உட்காரும். பழையது 9.5 மில்லிமீட்டர் தடிமன் என்றால் எஸ்எஸ்டி 7 தான் இருக்கும். சிலவற்றோடு கூடவே வரும் பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டி இடைவெளியை நிரப்புங்கள், ஆடினால் கனெக்டர் தளர்ந்துவிடும். திறந்ததோடு திறந்ததாக ஃபேனைச் சுத்தம் செய்துவிடுங்கள். இறக்கைகளை விரலால் சுழலாமல் பிடித்துக்கொண்டு மெல்லிய பிரஷால் தூசை எடுத்தால் போதும்.

எல்லாம் முடித்து ஆன் செய்யும்போது தேதி பல வருஷம் பின்னால் காட்டினால், மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்திருக்கிறது. பெரும்பாலும் சிஆர்2032 வகை. தேதி தவறாக இருந்தால் பாதுகாப்பான இணையதளங்கள் திறக்க மறுக்கும், அதை வைரஸ் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம்.

இனி விண்டோஸ். உங்கள் லேப்டாப்பில் விண்டோஸ் 11 போட வேண்டாம் என்பதே என் கருத்து. மைக்ரோசாஃப்ட் 2021-இல் அதை வெளியிட்டபோதே, இன்டெல்லில் எட்டாம் தலைமுறை முதல் என்று கோடு போட்டுவிட்டது. விதிவிலக்காகச் சில ஏழாம் தலைமுறை புராசசர்கள் மட்டும் உண்டு. கூடவே டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும் வேண்டும். உங்களுடையது நான்காம் தலைமுறை. இந்தச் சோதனையைத் தாண்டிப் போட வழிகள் இருக்கின்றன, வேலையும் செய்யும். ஆனால் அப்படிப் போட்ட கணினிக்கு அப்டேட் தருவதாக மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. வருடாந்தரப் பெரிய பதிப்பு வரும்போதெல்லாம் நீங்களே மறுபடி சுற்றுவழியில் போக வேண்டும். இப்படிப் பழைய கணினிகளில் போட்டிருந்த சிலருக்கு 2024-இல் வந்த 24எச்2 பதிப்பு பூட் ஆகவே இல்லை, அவர்கள் புராசசரில் இல்லாத ஒரு கட்டளைத் தொகுப்பை அது கேட்டது. உங்கள் புராசசரில் அது இருக்கிறது. அடுத்து எதைக் கேட்கும் என்பதுதான் கவலை. விளையாட்டுக்கு வைத்திருக்கும் கணினியில் இதெல்லாம் செய்து பார்க்கலாம். வாடிக்கையாளர்களின் ஆவணங்களை வைத்து, கெடு நாளுக்கு வேலை ஒப்படைக்கும் கணினியில் கூடாது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. தனிநபர்களுக்காக நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் என்று ஓராண்டுத் திட்டம் அறிவித்தார்கள், அது 2026 அக்டோபர் 13 வரை. 22எச்2 பதிப்பில் இருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் பதிவு செய்ய வேண்டும். அதைப் பயன்படுத்தி மூச்சு வாங்கிக்கொள்ளலாம், நாலைந்து வருஷத்துக்கு அது வழியல்ல.

நாலைந்து வருஷம் என்றால், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ்தான். பெயரைக் கேட்டதும் பயப்பட வேண்டாம். விண்டோஸ் பழகியவருக்குக் கை தானாக ஓடுகிற மாதிரி இருப்பது லினக்ஸ் மின்ட்: கீழே பட்டை, மூலையில் மெனு, எல்லாம் பழகிய இடத்திலேயே. அதன் 22-ஆம் பதிப்பு வரிசைக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி என்று ஆன பிறகு அதன் சின்னமன் பதிப்பு சுகமாக ஓடும். ரேம் சேர்க்காமல் 4 ஜிபியிலேயே நிற்கிறீர்கள் என்றால் அதைவிட இலேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுங்கள். தமிழ்த் தட்டச்சுக்கு, விசைப்பலகையை மாற்றித் தரும் ஐபஸ் என்ற மென்பொருள், அதோடு எம்17என் என்ற தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, தட்டச்சுப்பொறி, ஒலிபெயர்ப்பு விசைப்பலகைகள் கிடைக்கும்.

முடிவை வேலையை வைத்து எடுங்கள். பிரவுசரிலேயே ஓடும் மொழிபெயர்ப்புத் தளங்களையோ ஒமேகாடி என்ற மொழிபெயர்ப்பு மென்பொருளையோ பயன்படுத்துகிறீர்கள் என்றால் லினக்ஸில் எந்தக் குறையும் இல்லை; ஒமேகாடி இலவசம், லினக்ஸிலேயே ஓடுவது. டிராடோஸ் ஸ்டுடியோ மாதிரி விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருளைத்தான் வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள் என்றால் மாற முடியாது. வேர்டு கோப்புகளை லிப்ரே ஆஃபீஸ் திறக்கும், எழுதும். ஆனால் அட்டவணையும் அடிக்குறிப்பும் திருத்தத் தடங்களும் நிறைந்த கோப்பு போய்த் திரும்பும்போது எங்காவது ஒரு வரி நகர்ந்திருக்கும். அதை வாடிக்கையாளர் பொறுப்பாரா என்பது உங்களுக்குத்தான் தெரியும். பார்த்துவிட்டு முடிவுசெய்ய எளிய வழி இருக்கிறது: லினக்ஸ் மின்ட்டை ஒரு பென் டிரைவில் ஏற்றி, எதையும் நிறுவாமல் அதிலிருந்தே பூட் செய்து, வைஃபை, ஒலி, கேமரா, பிரின்டர் வேலை செய்கிறதா, உங்கள் உண்மையான கோப்புகள் இரண்டு மூன்று எப்படித் திறக்கின்றன என்று பாருங்கள். எஸ்எஸ்டியை மாட்டிவிட்டுச் செய்யுங்கள், பழைய டிஸ்க் உள்ளே இருக்க வேண்டாம்.

இரண்டு மனமாக இருந்தால் 500 ஜிபி எஸ்எஸ்டியில் இரண்டையும் வைக்கலாம். முதலில் விண்டோஸ் 10, அப்புறம் லினக்ஸ், இந்த வரிசையில் நிறுவினால் ஆன் செய்யும்போது எதில் நுழைவது என்று கேட்கும். விண்டோஸை அந்த ஒரு மென்பொருளுக்காக மட்டும் திறந்து, இணையமும் மின்னஞ்சலும் லினக்ஸில் என்று பிரித்துக்கொண்டால் ஆதரவு முடிந்த பிறகும் ஆபத்து குறையும்.

விண்டோஸைப் பழைய டிஸ்க்கிலிருந்து அப்படியே குளோன் செய்யலாமா என்று கேட்பீர்கள். நல்ல டிஸ்க்காக இருந்தால் செய்யச் சொல்வேன். இங்கே வேண்டாம். படிக்க முடியாத இடங்கள் ஓட்டையாகவே புது எஸ்எஸ்டிக்கு வந்து, சில வாரம் கழித்து இல்லாத பிழையெல்லாம் காட்டும். வேறொரு கணினியில் 8 ஜிபி பென் டிரைவில் நிறுவல் கோப்பைத் தயார் செய்து, புதிதாகவே போடுங்கள். சாவி எண் கேட்டால் என்னிடம் இல்லை என்று தாண்டிவிடலாம். உங்கள் உரிமம் மதர்போர்டோடு பதிவாகியிருக்கிறது. டிஸ்க்கையும் ரேமையும் மாற்றினாலும் இணையத்தில் இணைந்ததும் தானே ஆக்டிவேட் ஆகும், முன்பு இருந்த அதே எடிஷனாக (ஹோமா, ப்ரோவா) இருந்தால் போதும்.

கழற்றிய பழைய டிஸ்க்கில் தேதி எழுதி, ஒரு உறையில் போட்டு வைத்திருங்கள். ஏதோ ஒரு கோப்பை மறந்துவிட்டோம் என்பது சில மாதம் கழித்துத்தான் தெரியும். அதை யுஎஸ்பி பெட்டியில் போட்டு பேக்கப்புக்குப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம். கடைசியில் அகற்றும்போது, வாடிக்கையாளர்களின் ஆவணங்கள் இருந்த டிஸ்க் என்பதால் தட்டுகளில் துளை போட்டுவிட்டு மின்கழிவில் கொடுங்கள்.

உங்கள் உறவினர் சொன்னதையும் ஒதுக்கிவிட முடியாது. எதையும் ஆர்டர் செய்யும் முன், அணைத்த நிலையிலேயே லேப்டாப்பைச் சமதரையில் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் தூக்கி ஆடினாலோ, டச்பேட் மேலெழுந்து கிளிக் ஆகாமல் இருந்தாலோ பேட்டரி வீங்கியிருக்கலாம். அப்படியென்றால் சார்ஜ் போடுவதை நிறுத்தி, பேட்டரியை அனுபவமுள்ள ஒருவரைக் கொண்டு எடுத்துவிடுங்கள், அது தீப்பிடிக்கும் பொருள். கோப்புகளைச் சார்ஜரில் மட்டும் ஓட்டியோ, டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் இணைத்தோ எடுக்கலாம். திரை திறந்து மூடும் கீல் உடைந்து பிளாஸ்டிக் பிளந்திருந்தாலோ, திரையில் கோடுகள் விழுந்திருந்தாலோ, அவர் சொல்வது சரி, ரேமில் பணம் போடாதீர்கள். எஸ்எஸ்டியை மட்டும் வாங்குங்கள்; நாளைக்கு வேறு லேப்டாப் வந்தால், கழற்றி யுஎஸ்பி பெட்டியில் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம். இதில் எந்தக் குறையும் இல்லையென்றால் எஸ்எஸ்டியையும் வெளி டிஸ்க்கையும் இன்றே ஆர்டர் செய்யுங்கள். ரேமை, மூடியைத் திறந்து பழைய பட்டையின் லேபிளைப் போனில் படம் எடுத்துக்கொண்ட பிறகு.